முத்திரையும் சரக்கும்

தில்லியின் கஷ்மீரி கேட், கரோல்பாக் கடைத்தெருக்களிலும், கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும், பெங்களூரின் ஜே.சி. சாலையிலும் மோட்டார் உதிரிப் பாகம் வாங்கச் செல்லும் நம்மவர் செவியில் இரு சொற்கள் ஓயாது விழுகின்றன. ஒரு கடைக்காரர் தம் சரக்கை 'அஸ்லி' என்று சத்தியம் செய்வார்; அடுத்த கடைக்காரர் அதையே 'நக்லி' என்று தள்ளுவார். மொழி தெரியாத ஊர் என்று நாம் அஞ்ச வேண்டுவதில்லை. இவை நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பத்திரங்களின் மேலேயே எழுதப்பட்டிருக்கும் சொற்கள்தாம். அரபு மொழியிலிருந்து வடநாட்டுக்கு வந்த அதே சொற்கள் தமிழகத்துக்கும் வந்து, அசல் என்றும் நகல் என்றும் நிலைபெற்றன.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வடக்கே 'நக்லி' என்றால் அதில் வஞ்சகத்தின் வாடை வீசும். தமிழில் நகல் என்பது குற்றமற்ற சொல். பத்திரத்தின் நகல், நகல் என்ற பெயரிலேயே பதிவு அலுவலகத்தில் கிடைக்கும். குற்றத்தைக் குறிக்க நமக்குப் போலி என்னும் வேறொரு சொல் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்வது நகல். செய்தவன் தன் பெயரை மறைத்துப் பிறர் பெயரைப் பொறிப்பது போலி. கடைத்தெருவில் நாம் ஏமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம், இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதே.

இதனை விளக்க இண்டர்கூலர் என்னும் ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் அறிவர். காற்றை நெருக்கினால் அது சூடேறும். டர்போ பொருத்திய எஞ்சினில் இதுவே பெரிய அளவில் நிகழ்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தின் வலிமையால் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி இதற்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். முப்பது பாகை வெப்பமுள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், அது ஏறத்தாழ 120 பாகைக்குச் சூடாகிவிடும். சூடான காற்று விரிந்த காற்று. அதில் எரிப்பதற்கான பிராணவாயு குறைவு. ஆகவே எஞ்சினுக்குள் நுழையுமுன் இடையில் ஒரு அலுமினியச் சட்டத்தின் வழியே அதனைச் செலுத்தி, ஐம்பது பாகை அளவுக்குத் தணிக்கின்றனர். அதனால் அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலான காற்று உள்ளே செல்கிறது. இந்தச் சட்டமே இண்டர்கூலர். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் மிக உயரத்தில் பறப்பதற்கு இக்கருவி உதவியது. 1978ஆம் ஆண்டில் போர்ஷே 911 டர்போ காரில் அது இடம்பெற்றது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகிய பிறகு, டீசல் லாரிகளிலும் கார்களிலும் டர்போவும் இண்டர்கூலரும் பரவலாயின.

இதனை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதன் மதிப்பு முழுவதும் கண்ணுக்கு மறைவாக உள்ளே இருப்பதே. டயர் போலியானால் சில வாரத்தில் தேய்ந்து காட்டிக்கொடுக்கும். போலி இண்டர்கூலரோ ஓடிக்கொண்டேதான் இருக்கும். வண்டி ஏற்றத்தில் சற்றுத் திணறும். கரும்புகை சற்றுக் கூடும். டீசல் செலவு சற்று ஏறும். நாமக்கல்லிலிருந்து நாகபுரிக்குச் சரக்கேற்றிப் போகும் ஒற்றை லாரிக்காரர், கடன் தவணை கட்டத் தவறும்போதுதான் கணக்கைப் பார்ப்பார். அப்போதும் அவர் ஓட்டுநரையோ டீசல் பங்கையோதான் ஐயுறுவாரேயன்றி, கிரில்லுக்குப் பின்னால் பளபளக்கும் அந்தச் சட்டத்தை ஐயுறமாட்டார். உள்ளே ஒட்டியிருந்த அலுமினியத் துணுக்கு ஒன்று காற்றோடு எஞ்சினுக்குள் போய்விட்டாலோ, இழப்பு இண்டர்கூலரின் விலையோடு நில்லாது.

உள்ளே இருப்பதை வெளியிலிருந்து எவ்வாறு அறிவது என்னும் இவ்வினா மோட்டார் யுகத்தில் பிறந்ததன்று. பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுக் காணும் முறை தொன்மையானது. அதனை விரிவாகக் கூறும் அர்த்தசாத்திரம், அச்சோதனையை ஏமாற்றும் வழியையும் உடன் கூறுகிறது. நகத்திடுக்கில் காவிப்பொடியை மறைத்துக்கொண்டு, கல்லில் விழுந்த கோட்டின்மேல் அதைத் தூவிவிடுவோர் அக்காலத்திலேயே இருந்தனர். சோதனை ஒன்று பிறந்த அன்றே அதற்கான புரட்டும் பிறந்துவிடுகிறது. (தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்கு அளித்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்தே சாம சாஸ்திரியார் அந்நூலை 1909ஆம் ஆண்டில் அச்சேற்றினார் என்பதைக் கர்நாடகத்தில் வாழும் தமிழன்பர்கள் அறிந்து மகிழலாம்.)

நாணயத்தின் கதையும் இத்தகையதே. புதுக்கோட்டைப் பகுதியில் 1898ஆம் ஆண்டில் ரோமானியப் பொற்காசுகள் 501 அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருந்தது. இதற்குக் காரணம் யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. காசை வழக்கிலிருந்து விலக்கவே வெட்டினர் என்பர் சிலர். உள்ளே மட்ட உலோகம் உண்டா என்று பார்க்கவே என்பர் வேறு சிலர். எக்கருத்தை ஏற்பினும், ரோமின் முத்திரையைக் கண்ட மாத்திரத்தில் நம் முன்னோர் மயங்கிவிடவில்லை என்பது மட்டும் தெளிவு. இந்தியாவில் கிடைத்த ரோமக் காசுகளிடையே இங்கேயே அச்சிட்டுச் செய்த போன்மைகளும் இருக்கின்றன.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளின்மேல் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இதனைப் பழந்தமிழரின் தரச்சான்று என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். அது சரியன்று என்பது எம் கருத்து. அப்புலி, சுங்கம் முடிந்தது என்பதற்கு அடையாளம்; பொதிக்குள் இருந்த மிளகு நல்ல மிளகு என்பதற்கு அடையாளமன்று. ஒரு முத்திரை எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்று பிரித்தறிவது இன்றைக்கும் தேவையான பயிற்சி. அட்டைப் பெட்டியின்மேல் உள்ள கோடுகளும் எண்களும் கடையின் கணக்குக்காக இருக்கலாம். அவை இருப்பதாலேயே சரக்கு அசலாகிவிடாது.

முத்திரைக்கும் சரக்குக்கும் உள்ள உறவு பெரிதும் சீர்குலைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதன் களம் நம் நாட்டின் துணிச்சந்தை. மாஞ்செஸ்டரிலிருந்து கப்பல் கப்பலாக வந்த துணிக்கட்டுகளின்மேல் வண்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றில் கண்ணன், மற்றொன்றில் இலக்குமி, பிறிதொன்றில் யானையோ புலியோ இருக்கும். ஆங்கில எழுத்தறியாத சிற்றூர் வணிகர் அப்படத்தைக் கொண்டே, இன்ன ஆலைத் துணி, இன்ன தரம் என்று அடையாளம் கண்டனர். படம் பார்த்து வாங்கும் வழக்கம் வேரூன்றியதும், அதே தெய்வத்தை, அதே வண்ணத்தில், ஓர் ஆபரணம் மட்டும் மாற்றி வேறொருவர் அச்சிட்டார். சீட்டின் உரிமை குறித்து வணிகர் வழக்காடலாயினர்.

சீட்டை நம்பாமல் துணியையே நிறுத்துப் பார்த்தவரும் தப்பவில்லை. கனமான துணி கெட்டியான துணி என்பது எங்கும் உள்ள நம்பிக்கை. ஆகவே ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடும்போதே சீனக் களிமண்ணை மிகுதியாகச் சேர்த்தனர். துணி கையில் கனத்தது. ஒரு வெளுப்பில் களிமண் ஆற்றோடு போயிற்று. வழியிலேயே கப்பலின் ஈரத்தில் பூஞ்சை பூத்த கட்டுகளும் உண்டு. நீளத்திலும் புரட்டு இருந்தது. இந்தியாவில் 1889ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வணிகக் குறிச் சட்டம், துணியின் நீளத்தைக் கெஜக் கணக்கில் ஒவ்வொரு பீஸின்மேலும் பொறிக்க வேண்டும் என்று விதித்ததிலிருந்தே அன்றைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் வணிகக் குறிகளுக்கெனப் பதிவேடு 1876ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. பாஸ் என்னும் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் அதில் முதலாவதாகப் பதிவாயிற்று. நம் நாட்டில் இத்தகைய பதிவுக்கு வழிசெய்த சட்டம் 1940இல்தான் வந்தது. அதனைத் தொடர்ந்து 1958இலும் 1999இலும் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன.

மோட்டார் பாகங்களின் கதைக்கு வருவோம். 1953ஆம் ஆண்டில் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, இந்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களே மோட்டார்த் தொழிலில் தொடரலாம் என்று இந்திய அரசு முடிவு செய்தது. பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டிக்கொடுத்துவந்த ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் கடையைக் கட்டின. நிறுவனங்கள் சென்றன, அவை விற்ற வண்டிகள் செல்லவில்லை. செவர்லே லாரிகளும் போர்டு கார்களும் பல்லாண்டு காலம் நம் சாலைகளில் ஓடின. அவற்றுக்குப் பாகம் வேண்டுமே! இறக்குமதியோ கடுங்கட்டுப்பாட்டில் இருந்தது. லேத் பட்டறைக்காரர் உடைந்த பாகத்தை மேசைமேல் வைத்து, அளவெடுத்து, அதுபோல் ஒன்றைக் கடைந்து கொடுத்தார். அது குற்றமன்று, அது நகல். அந்த நகல்களே நாட்டின் போக்குவரத்தைத் தாங்கி நின்றன என்று சொன்னாலும் மிகையாகாது. அதே பாகத்தின்மேல் அமெரிக்க நிறுவனத்தின் பெயரைப் பொறித்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, பழைய பெட்டியில் வைத்தபோதுதான் அது போலியாயிற்று.

அதே காலத்தில் வேறொரு வளர்ச்சியும் நிகழ்ந்தது. வண்டி நிறுவனம் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஆலை உண்டு. சென்னையை அடுத்த பாடியில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியன இவ்வகையின. இத்தகைய ஆலைகள் பல, வண்டி நிறுவனத்துக்குத் தரும் பாகத்தையே தம் சொந்தப் பெயரிலும் சந்தைக்கு அனுப்புகின்றன. வண்டிக்காரர் பேச்சில் 'கம்பெனி சாமான்' என்பது வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவது. ஆனால் ஆலையின் சொந்தப் பெட்டியில் வருவதும் அசலே. பெரும்பாலும் விலை குறைவாகவும் கிடைக்கும். அதற்கடுத்து, வண்டி நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஆலை தன் பெயரைத் துணிந்து பொறித்து விற்கும் மாற்றுப் பாகம் உண்டு. அது நன்றாகவும் இருக்கலாம், மட்டமாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் பெயர் சொல்லி நிற்பதால் கேட்க ஆள் உண்டு. இம்மூன்றில் எதுவும் போலியன்று. இம்மூன்றின் பெயரையும் திருடி வருவதே போலி.

இனி, கையில் ஒரு இண்டர்கூலர் இருக்கிறது, எவ்வாறு பார்ப்பது? பெட்டியையும் ஒட்டுச்சீட்டையும் கடைசியில் பார்க்கலாம். மாஞ்செஸ்டர்ச் சீட்டின் கதையை அறிந்தோர் அதனை முதலில் பாரார். முதலில் அதன் வாயில் விளக்கொளியைச் செலுத்திக் குழாய்களின் உட்புறத்தை நோக்க வேண்டும். நன்கு செய்த இண்டர்கூலர்களுள் பெரும்பாலானவற்றில் குழாய்களுக்குள்ளும் மெல்லிய மடிப்புத் தகடுகள் இருக்கும். காற்று அவற்றில் உராய்ந்து தன் வெப்பத்தை இழக்கிறது. போலி செய்வோர் முதலில் விட்டுவிடுவது இதனையே. வெளியிலிருந்து பார்ப்போர்க்குத் தெரியாத இடத்தில் ஏன் அலுமினியத்தைச் செலவிட வேண்டும் என்பது அவர்தம் கணக்கு. கழற்றிய பழைய இண்டர்கூலரின் வாயையும் அருகில் வைத்து ஒப்பிட்டால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆதலின் பழையதைக் கடைக்கு எடுத்துச் செல்லாமல் புதியது வாங்கப் புறப்படலாகாது.

வெளிமடிப்புகளை விரல் நுனியால் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். நல்ல ஆலைகளில் குழாயும் மடிப்பும் ஏறத்தாழ 600 பாகை வெப்பமுள்ள உலையில் ஒன்றோடொன்று பற்றவைக்கப்படுகின்றன, அவை அசையா. அசைந்தால் வெப்பம் குழாயிலிருந்து மடிப்புக்குத் தாவ வழியில்லை என்பது பொருள். இரு பக்கத் தொட்டிகளும் சட்டத்தோடு சேரும் இடத்தில், மடக்கிய பற்களோ வெல்டிங்கோ ஒரே சீராக ஓட வேண்டும். ரப்பர்க் குழாய் மாட்டும் கழுத்தின் விளிம்பில் சற்றே புடைத்த வளையம் இருக்கும். குழாய் அழுத்தத்தில் நழுவிவிடாமல் காப்பது அதுவே. அவ்வளையம் இல்லாத மொட்டைக் கழுத்தைக் கண்டால், விலை எதுவாயினும் திருப்பிக் கொடுத்துவிடலாம். போல்ட் துளைகளை மெக்கானிக் அரம்போட்டு அகலமாக்கித்தான் பொருத்த முடிகிறதென்றால், அது அச்சு வார்ப்பைப் பார்த்துச் செய்ததே தவிர அச்சிலிருந்து வந்ததன்று.

எடையைப் பற்றி ஒரு சொல். உள்மடிப்பில்லாத போலி இலேசாக இருக்கும் என்பது பொதுவாக உண்மை. எனினும் களிமண் கலந்த துணியை மறக்கலாகாது. தடித்த மட்டத் தகட்டால் செய்த போலி அசலைவிடக் கனமாகவே இருக்கக்கூடும். எடை ஒரு சாட்சி, தீர்ப்பன்று. பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து, வளைந்த மடிப்புகளைச் சீவி நிமிர்த்தி, வண்ணம் தெளித்துப் புதியதாக விற்கும் வகையும் உண்டு. அதன் வாயில் மூக்கை வைத்தாலே பழைய எண்ணெய் மணக்கும். போல்ட் துளையின் உட்புறத்தில் வண்ணத்துக்கு அடியில் தேய்ந்த தழும்பு தெரியும்.

இவற்றோடு, பொருத்துமுன் பட்டறையில் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோலவே, இரு வாய்களையும் இறுக அடைத்து, அந்த வண்டியின் டர்போ தரும் அழுத்தத்தின் அளவுக்குக் காற்றேற்றி, நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று நோக்குவர். அடைப்பு பிய்த்துக்கொண்டால் அது கல்லெறிபோல் பாயுமாதலின், இதனைப் பழகிய மெக்கானிக்கிடமே விட வேண்டும்.

பெட்டியையும் இப்போது பார்க்கலாம். சில்லறையில் விற்கும் பொதிகளின்மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் சொல்வதற்கான தொடர்பு ஆகியன இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் விதி. முகவரியில் ஊர் மட்டும் இருந்து தெருவே இல்லாத பெட்டிகளைக் காண்கிறோம். இப்போது பல நிறுவனங்கள் கைப்பேசியால் படிக்கத்தக்க சதுரக் குறிகளை ஒட்டுகின்றன. தங்க நகைக்கு 2021ஆம் ஆண்டு முதல் ஒவ்வொன்றுக்கும் ஆறெழுத்துத் தனி அடையாளம் தருவதும் இவ்வழியே: முத்திரை எல்லாச் சரக்குக்கும் பொதுவாக இல்லாமல், ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாக இருக்கிறது. இதனையும் நகத்திடுக்குக் காவிப்பொடிக்காரர் விட்டுவைக்கவில்லை. ஒரே அசல் குறியைப் படமெடுத்து நூறு பெட்டிகளில் ஒட்டுகின்றனர். நிறுவனத்தின் பதிவேடு, 'இவ்வெண் முன்பே சரிபார்க்கப்பட்டது' என்று விடை தந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏமாந்த பின் செய்யத்தக்கதும் உண்டு. பொய்யான வணிகக் குறி இடுவோர்க்கும், அச்சரக்கை அறிந்து விற்போர்க்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கும் ஓடும் வண்டிக்காரர்க்கும் பெரிதும் பயன்படுவது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முன்பு பொருள் விற்றவரின் ஊரை நாடிச் செல்ல வேண்டியிருந்த பலர், இப்போது தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பெரும் வாணிபத்துக்காக வாங்கியோர்க்கு இச்சட்டம் இடந்தருவதில்லை. ஆயினும் தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஒற்றை வண்டிக்காரர்க்கு இடமுண்டு. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதற்கண் முறையிடலாம். இதற்கெல்லாம் வேண்டியது, ஜி.எஸ்.டி. எண்ணும் பாகத்தின் எண்ணும் குறித்த பில். துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித்தரும் கடையில் வாங்கியவருக்கு எந்தச் சட்டமும் எளிதில் கைகொடாது.

அசல் பாகம் வாங்கி, அது நன்றாக ஓடுவதையும் கண்டபின், பில்லைப் பத்திரப்படுத்திவிட்டுப் பெட்டியைக் கிழித்து எறிவது நன்று. பெயர்பெற்ற நிறுவனத்தின் வெற்றுப் பெட்டிக்குச் சந்தையில் தனி விலை உண்டு. பழைய பெட்டி வாங்க வருபவர் பழைய தாள் வாங்குபவர்போலவே இருப்பார்; ஆனால் கிழியாத பெட்டிக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பார்.